கரிசல் காட்டில் ஒரு தோட்டாச் சோதனை

ஆனி மாதத்தில் கோவில்பட்டியிலிருந்து தெற்கே நான்குவழிச் சாலையில் போனால், கயத்தாறு வருவதற்கு முன்பே காற்று வந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாயைக் கடந்து, மழையைக் குற்றாலத்தோடு நிறுத்திக்கொண்டு, வறண்ட வேகத்துடன் இந்தச் சமவெளியில் ஓடும். பேருந்தின் சன்னல்கள் கடகடவென்று அடித்துக்கொள்ளும். சாலைக்கு இருபுறமும் காற்றாலைகள். அவற்றின் காலடியில் உழுது போட்ட கரிசல், இடையிடையே உடைமரங்கள், நிழல் கண்ட இடத்தில் ஆட்டுக்கிடை.

தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் காற்றாலைச் சோதனை நிலையம் கயத்தாற்றில்தான் இருக்கிறது. புது மாதிரிக் காற்றாலையை இங்கே நட்டு, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு மின்சாரம் தருகிறது, இறக்கையும் கோபுரமும் எவ்வளவு பளு தாங்குகின்றன என்று பொறுமையாக அளந்து எழுதுகிறார்கள். தயாரித்தவர் சொல்லும் கணக்கை அப்படியே ஏற்காமல், காற்றையே சாட்சிக்கு அழைக்கும் இடம் இது. நான் இந்த முறை வந்ததும் ஒரு சோதனையைப் பார்க்கத்தான். சோதிக்கப்படும் பொருள் மட்டும் உள்ளங்கையில் அடங்கக் கூடியது: .32 ரகக் கைத்துப்பாக்கி.

துப்பாக்கி தூத்துக்குடிப் பக்கம் உப்பளம் வைத்திருக்கும் நண்பருடையது. முறையான உரிமம் வைத்திருக்கிறார். நம் ஆயுதத் தொழிற்சாலைகள் செய்யும் ‘அஷானி’ ரகம் அது. கூட வருபவர், காவல் துறை ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். துப்பாக்கிகளைக் கழற்றி, துடைத்து, பழுது பார்த்தே பணிக்காலம் முழுவதையும் கழித்தவர். நண்பரும் நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறோம். சோதனை நடக்கும் ரைபிள் கிளப்பின் சுடும் தளத்துக்குப் பிற்பகலில்தான் போக முடியும் என்பதால், காலைப் பொழுது கயத்தாற்றுக்கும் மணியாச்சிக்கும் என்று முடிவாயிற்று.

கயத்தாற்றில் முதலில் கட்டபொம்மன் நினைவிடம். 1799 அக்டோபர் 16 அன்று பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனை, கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் பானர்மேன் விசாரணை என்ற பெயரில் நிறுத்தி, மற்றப் பாளையக்காரர்கள் பார்த்திருக்க, புளியமரத்தில் தூக்கிலிட்ட ஊர் இது. நடிகர் சிவாஜி கணேசன் தம் செலவில் நிறுவிய சிலையும் அரசு எழுப்பிய மணிமண்டபமும் இங்கே இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து சிலைக்கு முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார்.

“தைரியத்துல இவுகளுக்கு என்ன தம்பி கொறச்சல்? மருந்துலயும் கல்லுலயும்தான் வித்தியாசம்,” என்றார்.

அவர் சொன்ன மருந்து வெடிமருந்து. கல், சக்கிமுக்கிக் கல். கம்பெனிச் சிப்பாய்களின் துப்பாக்கியில் விசையை இழுத்தால் கல் இரும்பில் மோதித் தீப்பொறி தெறிக்கும், கிண்ணியில் உள்ள மருந்து பற்றும், அந்தத் தீ துளை வழியாக உள்ளே போய், அங்குள்ள மருந்தைப் பற்றவைத்துக் குண்டைத் தள்ளும். கல் தேய்ந்தாலும், கிண்ணி மருந்தில் ஈரம் ஏறினாலும் சுடாது. பாளையத்தார் பலரிடம் இருந்தது அதற்கும் முந்தைய திரித்துப்பாக்கி. கனியும் திரியைக் கையிலேயே காக்க வேண்டும். காற்றும் தூறலும் அதற்குப் பகை. அதனால்தான் அவர்கள் நெடிய ஈட்டியைப் பெரிதும் நம்பினார்கள். ஈட்டிக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை.

அந்த நம்பிக்கை வீண் போகவில்லை. 1799 செப்டம்பர் 5 அன்று பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை மீது பானர்மேன் நடத்திய முதல் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. 1801இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து கோட்டையைத் திரும்பக் கட்டியபோது, மார்ச் 31 அன்று வந்த கம்பெனிப் படையும் தோற்றுத் திரும்பியது. கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளுடன் வந்து மே 24 அன்றுதான் கோட்டையைப் பிடித்தார். அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி பின்னாளில் எழுதிய நினைவு நூலில் பாளையத்து ஈட்டி வீரர்களின் தீரத்தை மறைக்கவில்லை.

போர் முடிந்ததும் 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையங்களில் கோட்டை இருக்கக் கூடாது, ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, மீறினால் மரணம் என்றது அது. ஈட்டியும் திரித்துப்பாக்கியும் வீடு வீடாகப் பிடுங்கப்பட்டன. ஆயுதத்தோடு போனது இரும்பு மட்டுமில்லை, அதைச் செய்யும் கொல்லனின் கையறிவும், மருந்து இடிப்பவரின் பக்குவமும், மந்தையில் நின்று பழகும் வழக்கமும் சேர்ந்தே போயின. பிறகு 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு அந்தக் கட்டு இல்லை.

கயத்தாற்றிலிருந்து கிழக்கே கடம்பூர் வழியாக மணியாச்சிக்குப் போனோம். கடம்பூரில் இறங்கிப் போளி வாங்காமல் போவது இந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. வாங்கிக்கொண்டோம். சாலை குறுகி, பனைகள் தெரியத் தொடங்கின. மதுரையிலிருந்து வரும் ரயில் பாதை தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் பிரியும் இடம் மணியாச்சி. நிலையத்தின் பெயர்ப் பலகை இன்று ‘வாஞ்சி மணியாச்சி’ என்று சொல்கிறது.

1911 ஜூன் 17. திருநெல்வேலி ஆட்சியர் ராபர்ட் வில்லியம் ஆஷ், கொடைக்கானலில் இருந்த தம் பிள்ளைகளைப் பார்க்க மனைவியுடன் கிளம்பி, காலை 10.38க்கு இங்கே வந்து, போட் மெயில் ரயிலின் இணைப்புக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார். செங்கோட்டைக்காரர், திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்த இருபத்தைந்து வயது வாஞ்சிநாதன், பெட்டிக்குள் ஏறி, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கியால் ஆஷின் மார்பில் சுட்டார். பிறகு நடைமேடை வழியே ஓடிக் கழிவறைக்குள் புகுந்து, அதே துப்பாக்கியைத் தம் வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார். ஆஷ் திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வழியில், கங்கைகொண்டான் அருகே இறந்தார். வ.உ.சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதிலும் 1908 மார்ச்சில் திருநெல்வேலி எழுச்சியை ஒடுக்கியதிலும் ஆஷுக்கு இருந்த பங்கு ஒரு பக்கம். வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் தெரியும் சனாதனக் கொள்கை மறுபக்கம். தமிழ்நாடு இன்றும் அந்த நாளைப் பற்றி வாதாடிக்கொண்டுதான் இருக்கிறது. வாதாட வேண்டிய விஷயம்தான் அது.

நடைமேடையில் நிற்கும்போது என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி வேறு. அந்தத் துப்பாக்கி சுடும் என்று வாஞ்சிக்கு எப்படித் தெரியும்?

சட்டப்படி ஆயுதம் வைத்திருக்க முடியாத நாட்டில் அந்தத் துப்பாக்கி ரகசியமாகக் கைமாறி வந்தது. 1911 தொடக்கத்தில் வாஞ்சி விடுப்பு எடுத்துக்கொண்டு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போனார். அங்கே வ.வே.சு. ஐயர் கரடிக்குப்பத்தில் இளைஞர்களுக்குச் சுடப் பழக்கினார் என்று அக்காலத்தை எழுதிய நூல்கள் சொல்கின்றன. ஐயர் லண்டனில் சாவர்க்கர் குழுவோடு இருந்தவர். அந்தக் குழுவைச் சேர்ந்த மதன்லால் திங்ரா 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலி என்ற ஆங்கிலேய அதிகாரியைச் சுடுவதற்கு முன், டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் காசு கட்டிச் சுடும் தளத்தில் அன்றைய தினம்கூடப் பழகியிருந்தார் என்று வழக்கில் சாட்சி சொல்லப்பட்டது. ஆட்சி செய்பவர்களின் தலைநகரில் யாரும் காசு கட்டிச் சுட்டுப் பார்க்கலாம். ஆளப்படுபவர்களின் ஊரில் அதற்கு எல்லை தாண்டிப் போக வேண்டும்.

வாஞ்சி சுட்ட அதே ஆண்டு உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு சோதனை நடந்தது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து கோல்ட் நிறுவனம் செய்த கைத்துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் 6000 முறை சுட்டுப் பார்த்தது. நூறு சுட்டால் ஆற விடுவது, ஆயிரம் சுட்டால் துடைத்து எண்ணெய் இடுவது என்று முறை வைத்துச் சுட்டார்கள். வேண்டுமென்றே நசுக்கிய தோட்டாக்களையும் போட்டார்கள், துப்பாக்கியைப் புழுதியிலும் அமிலத்திலும் போட்டெடுத்துச் சுட்டார்கள். 6000க்கும் ஒரு தடங்கல் இல்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் துப்பாக்கி 37 முறை நின்றது. மார்ச் 29 அன்று அமெரிக்கா பிரௌனிங்கின் துப்பாக்கியை ஏற்றது. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மணியாச்சியில் அதே பிரௌனிங்கின் பெயர் தாங்கிய இன்னொரு துப்பாக்கி வெடித்தது. அரசு ஒரு கருவியை நம்புவதற்கு முன் ஆயிரக்கணக்கில் தோட்டா செலவழிக்க முடிகிறது. ஒளிந்து திரிபவனுக்குப் பழகச் செலவாகும் ஒவ்வொரு தோட்டாவும் கையிருப்பில் குறையும் தோட்டா.

பிற்பகல் மூன்று மணிக்குத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மண்மேடு எழுப்பிய நீண்ட திடல், மேட்டுக்கு முன்னால் சட்டத்தில் ஒட்டிய காகித இலக்குகள், கம்பத்தில் சிவப்புக் கொடி. ஆடு மேய்க்கிற பையன் யாரும் மேட்டுக்குப் பின்னால் இல்லை என்று காவலர் நடந்து போய்ப் பார்த்து வந்த பிறகே கொடி ஏறியது. சுடுபவர் நண்பர் மட்டும். உரிமம் அவர் பெயரில் இருக்கிறது. நான் பின்கோட்டுக்கு அப்பால், காதை அடைத்துக்கொண்டு, கையில் நோட்டுடன்.

.32 தோட்டாவும் பிரௌனிங் செய்ததுதான். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனத்துக்காக 1899இல் அவர் அதை அமைத்தார். குண்டின் எடை ஏறத்தாழ 4.6 கிராம். இந்தியாவில் 9 மி.மீ. தோட்டா தடைசெய்யப்பட்ட ரகத்தில் வருவதால், உரிமம் பெற்ற பொதுமக்களின் சின்னக் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்தப் பழைய .32லேயே நிற்கின்றன. காவலர் இடுப்பில் காணும் 9 மி.மீ. ஈஷாப்பூர்ப் பிஸ்டலும் பிரௌனிங்கின் பெயர் தாங்கிய ஹை பவர் வழிவந்ததே.

நண்பர் மூன்று வகைத் தோட்டா கொண்டு வந்திருந்தார். ஒன்று, புனே பக்கம் கட்கி ஆலையில் செய்த புதுப் பெட்டி. இரண்டாவது, வெளிநாட்டில் செய்தது. மூன்றாவது, அவர் வீட்டு அலமாரியில் பல மழைக்காலம் கண்ட பழைய பெட்டி. தோட்டா அடுக்கும் மேகசின் இரண்டு.

அண்ணாச்சி முதலில் செய்த வேலை, இரண்டு மேகசின்களின் அடியிலும் வெள்ளைப் பெயின்டால் 1, 2 என்று எழுதியது.

“ஒரு நேரத்துல ஒண்ணை மட்டுந்தான் மாத்தணும் தம்பி. ரவுண்டையும் மாத்தி, மேகசினையும் மாத்திச் சுட்டா, எங்க நின்னுச்சுன்னு எவனுக்குத் தெரியும்?”

புதுப் பெட்டி முதலாம் மேகசினில் ஏறியது. நண்பர் சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் போய்க் காலிக் கூட்டை வலப்பக்கம் வீசியது, அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது. அந்தக் காற்றிலும் காலிக் கூடுகள் அநேகமாக ஒரே இடத்தில் விழுந்தன. அண்ணாச்சி இலக்கைப் பார்க்கவில்லை, கூடு விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே இடத்தில் விழுந்தால் ஒவ்வொரு தோட்டாவும் ஒரே அளவு தள்ளுகிறது என்று பொருள். வெளிநாட்டுத் தோட்டாவில் உதைப்பு சற்றுக் கூடியது, கூடுகள் ஓர் எட்டுத் தள்ளி விழுந்தன. தடங்கல் ஒன்றுமில்லை.

அதே வகைத் தோட்டாக்கள் இரண்டாம் மேகசினில் ஏறியபோதுதான் முதல் நிறுத்தம். ஸ்லைடு மூடியது, உள்ளே தோட்டா இல்லை. விசையை இழுத்தால் வெறும் ‘டிக்’. அண்ணாச்சி மேகசினைக் கழற்றி, தோட்டாக்களை இறக்கி, உள்ளே விரலை விட்டு அழுத்திப் பார்த்தார். ஸ்பிரிங் தளர்ந்து, ஓரத்தில் துரு பிடித்திருந்தது. சின்னத் துப்பாக்கியின் சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. ஸ்லைடு குட்டை, அதன் ஓட்டமும் குட்டை, திரும்பி வரும் வேகம் அதிகம். அது முன்னால் வருவதற்குள் மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தூக்கிவிட வேண்டும். பெரிய துப்பாக்கியில் தளர்ந்த ஸ்பிரிங்கும் சமாளித்துவிடக் கூடும். இதில் நேரம் போதாது. பிடி தளர்ந்தாலும் இப்படித்தான்: கை பின்னால் குழைந்துவிட்டால் ஸ்லைடு தன் ஓட்டத்தை முழுதாக ஓடாது.

“கடக்கரை வீட்டுல எண்ணெய் போடாம வச்சா உப்புக்காத்து தின்னுரும்,” என்றார் அண்ணாச்சி. உப்பள முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார். வாசல் கேட்டையும் மோட்டாரையும் உப்பு தின்பதை நாள்தோறும் பார்ப்பவர் அவர். பீரோவுக்குள் இருக்கும் துப்பாக்கிக்கும் அதே கதிதான் என்பது இப்போது கண் முன்னால் தெரிந்தது.

கடைசியாகப் பழைய பெட்டி. நல்லது என்று தெரிந்துவிட்ட முதலாம் மேகசினில் அதை ஏற்றினார்கள். பித்தளையில் ஆங்காங்கே பச்சை பூத்திருந்தது. தொடக்கத்தில் சில தோட்டாக்கள் ஒழுங்காக வெடித்தன. பிறகு ஒன்றில் சுத்தி விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

“அப்படியே பிடிங்க! இலக்கைப் பாத்தே இருக்கட்டும்!” அண்ணாச்சியின் குரல் திடலில் எதிரொலித்தது. அரை நிமிடம் யாரும் அசையவில்லை. ஈரம் ஏறிய தோட்டா தாமதமாக வெடிக்கக் கூடும். உடனே திறந்து பார்ப்பவரின் முகத்துக்கு நேராக அது நடந்தால் உயிருக்கே கேடு. அதற்குப் பிறகே ஸ்லைடை இழுத்து வெளியே எடுத்தார்கள். தோட்டாவின் அடியில், சுத்தி அடித்த ஊசியின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. துப்பாக்கி தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. எரியாதது தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமர்.

இன்னும் சில தோட்டாக்கள் கழித்து வேறு மாதிரிக் கோளாறு. வெடிச் சத்தம் சற்று மந்தமாகக் கேட்டது, ஸ்லைடு பாதி வழியில் திரும்பிவிட்டது, காலிக் கூடு வாயிலில் நட்டக்குத்தலாக மாட்டி நின்றது. மருந்தின் வீரியம் குறைந்ததன் அடையாளம். அண்ணாச்சி கையை உயர்த்தி நிறுத்தினார். மந்தமாக வெடித்தால் குண்டு குழலுக்குள்ளேயே தங்கியிருக்கலாம், அதன் பின்னால் இன்னொன்று சுட்டால் குழல் வெடிக்கும். துப்பாக்கியைப் பிரித்து, குழலை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, அடைப்பு இல்லை என்று உறுதி செய்தார். அத்தோடு பழைய பெட்டியின் சோதனை முடிந்தது. இதற்கு மேல் அதைச் சுடுவதில் அறிவதற்கு ஒன்றுமில்லை.

துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே அண்ணாச்சி இந்த .32 ரகத்துக்கே உரிய இன்னொரு நோயைச் சொன்னார். இதன் தோட்டாவுக்கு அடியில் உடலைவிடச் சற்றே அகலமான விளிம்பு உண்டு. மேகசினில் அடுக்கும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுக்கொள்ளும், அப்புறம் என்ன தள்ளினாலும் நகராது. பிரௌனிங் காலத்து முழு உறைக் குண்டு நீளமானது, அது மேகசினை நிறைத்து நிற்பதால் முன்னும் பின்னும் நகர இடமில்லை. நுனியில் குழி உள்ள பிற்காலக் குண்டுகள் பல குட்டையானவை. அவை ஆடும் இடைவெளியில் இந்தக் கொக்கி விழுகிறது. அமெரிக்காவின் சீகாம்ப் என்ற குட்டித் துப்பாக்கி இதை மறுபக்கத்திலிருந்து தீர்த்தது: குட்டையான ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கென்றே மேகசினை அளந்து செய்தார்கள், நீளமான தோட்டா அதில் நுழையவே நுழையாது. ஆக, எந்தத் தோட்டா நல்லது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடையாது. எந்தத் துப்பாக்கிக்கு, எந்த மேகசினில், யார் கையில் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை.

“துப்பாக்கி தனியா நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. ஒரு பெட்டி ஓடிருச்சேன்னு இன்னொரு பெட்டிய நம்பக் கூடாது. சுட்டுப் பாத்த பெட்டிய மட்டுந்தான் நம்பணும். அதையும் எழுதி வைக்கணும்.”

சொன்னபடியே எழுதினோம். பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண், மேகசின் எண், எங்கே நின்றது, எப்படி நின்றது. சுட்ட தோட்டாவுக்குக் காலிக் கூடு சரியாக இருக்கிறதா என்று குனிந்து பொறுக்கி எண்ணினோம். பழைய பெட்டியில் மிச்சம் இருந்ததை உரிமம் பெற்ற கடையில் முறைப்படி ஒப்படைக்க நண்பர் தனியாகக் கட்டி வைத்தார். இரண்டாம் மேகசினுக்குப் புது ஸ்பிரிங்.

தூத்துக்குடிக்குத் திரும்பும் வழியில் வல்லநாட்டைக் கடந்தோம். வெளிமான்களுக்கான சரணாலயம் இருக்கும் அந்தக் குன்றுப் பக்கம்தான் காவல் துறையின் துப்பாக்கி சுடும் தளமும் இருக்கிறது. ஆர்மரராக அண்ணாச்சியின் நாட்கள் பல அங்கே கழிந்திருக்கின்றன. பயிற்சி முடிந்ததும் இருட்டினாலும் சரி, காலிக் கூடுகளின் எண்ணிக்கை பதிவேட்டோடு ஒத்துப்போகாமல் யாரும் வண்டி ஏற முடியாது என்றார். ஒரு கூடு காணவில்லை என்றால் மொத்தப் படையும் புல்லில் உட்கார்ந்து தேடும்.

அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் இந்தப் பயணத்தில் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தபோது, யார், எந்தத் துப்பாக்கியால், எத்தனை முறை சுட்டார் என்பதே பெரிய கேள்வியாக எழுந்தது. தோட்டாவை எண்ணுவது கிடங்குக் கணக்குக்கு மட்டுமான வேலை இல்லை, உயிருக்குப் பதில் சொல்லும் வேலை என்பதை இந்தக் கடற்கரை அறியும்.

நம் பாதுகாப்புக்கென்று ஆயுதம் ஏந்துபவர் கையில் உள்ள துப்பாக்கி, அவசரத்தில் நின்றுவிட்டால் அவர் உயிர் போகும். அவர் அதை அறியாமல், பழகாமல், பதறிச் சுட்டால் நம் உயிர் போகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பணியில் தரும் அதே தோட்டாவைப் பயிற்சியிலும் தாராளமாகத் தர வேண்டும். ஒவ்வொரு தொகுதியையும் சுட்டுப் பார்த்த பிறகே இடுப்பில் ஏற்ற வேண்டும். எங்கே நின்றது, ஏன் நின்றது என்ற குறிப்பு பதிவேட்டில் இருக்க வேண்டும், கேட்கும் நீதிமன்றத்துக்கு அது கிடைக்க வேண்டும். 1801இன் பிரகடனம் இந்த மண்ணின் மக்களிடமிருந்து ஆயுதத்தை எடுத்தது. இன்று ஆயுதம் மக்களின் பெயரால் அரசிடம் இருக்கிறது. கயத்தாற்றில் ஒரு காற்றாலைக்குச் சான்று தருவதற்கு முன் அதன் ஒவ்வொரு சுழற்சியையும் அளந்து எழுதுகிற நாடு, உயிர் குடிக்கும் கருவிக்கு அதைவிடக் குறைந்த அக்கறை காட்ட நியாயமே இல்லை.